ஆயுள் என்பது எத்தனை வருடம்?

கொலை வழக்கில் தீர்ப்பு வந்த மறுநாள் செய்தித்தாளில் 'இரட்டை ஆயுள் தண்டனை' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதைப் படித்துவிட்டு டீக்கடையிலும் அலுவலகத்திலும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒருவர் "ஒரு உயிருக்கு எப்படிய்யா ரெண்டு ஆயுள்?" என்பார். பக்கத்தில் இருப்பவர் "என்ன பெரிய ஆயுள், பதினாலு வருஷத்துல வெளிய வந்துடுவான்" என்பார். முதலாமவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில். இரண்டாமவர் சொன்னது தவறு. ஆனால் எளிதில் சாகாத தவறு. படித்தவர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, சில வழக்கறிஞர்களும் கட்சிக்காரரின் குடும்பத்துக்கு ஆறுதலாக அதையே சொல்லி அனுப்புகிறார்கள்.

தவறான நம்பிக்கைகள் எவ்வளவோ உண்டு, இதுவும் ஒன்று என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், இந்தப் 'பதினாலு வருஷம்' டீக்கடையோடு நிற்கவில்லை. அது உச்ச நீதிமன்றத்துக்குள் போய், சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு தண்டனை பிறக்கக் காரணமானது. தூக்குக்கும் ஆயுளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றாவது தண்டனையை, அதாவது 'இத்தனை வருடம்வரை குறைப்பே கிடையாது' என்ற ஆயுளை, நாடாளுமன்றம் இயற்றவில்லை. அரசமைப்புச் சட்டம் தண்டனைக்கு வைக்கும் எல்லை அரசைத்தான் கட்டும், நீதிபதியைக் கட்டாது என்றால் அது என்ன எல்லை? இந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

பதினான்கு வந்த வழி

சட்டத்தில் ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறை. ஆயுள் என்பது மனிதரின் ஆயுளையே குறிக்கும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொன்னது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது தீவாந்திர தண்டனை, அதாவது கடல் கடந்து அனுப்பிவிடுவது. 1955-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1956 ஜனவரி 1 முதல் தீவாந்திரம் என்று இருந்த இடங்களில் எல்லாம் ஆயுள் சிறை என்று மாற்றியது. காந்தி கொலைச் சதி வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த கோபால் கோட்சே, சிறையில் சம்பாதித்த தண்டனைக் குறைப்பு நாட்களையும் கூட்டினால் தனக்கு 20 வருடம் முடிந்துவிட்டது, விடுதலை செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1961 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வு அதை மறுத்தது. ஆயுள் தண்டனை என்பது மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும்தான். சிறை விதிப்படி நாட்களைச் சம்பாதிக்கலாம், ஆனால் உரிய அரசு தண்டனையைக் குறைத்து உத்தரவு போடாதவரை விடுதலை கேட்கும் உரிமை கிடையாது. 1961 முதல் இன்றுவரை மாறாத சட்டம் இதுதான்.

கோட்சே சொன்ன 20 எங்கிருந்து வந்தது? தண்டனைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவிலிருந்து. இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 6-ஆவது பிரிவு. ஒரு தண்டனையின் பின்னத்தைக் கணக்கிட வேண்டி வந்தால் மட்டும் ஆயுளை 20 வருடமாக வைத்துக்கொள் என்கிறது அது. உதாரணமாக, ஒரு குற்றத்துக்கு முயன்றவருக்கு அந்தக் குற்றத்தின் தண்டனையில் பாதிவரை கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லும்போது, ஆயுளில் பாதி எவ்வளவு என்ற கேள்வி வரும். பத்து வருடம் என்று பதில் சொல்லத்தான் அந்த இருபது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

பதினான்குக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஆயுள் தண்டனையை அரசு 14 வருடத்துக்கு மேற்படாத சிறையாக மாற்றலாம் என்று பழைய சட்டங்கள் சொன்னது ஒன்று. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 474-ஆவது பிரிவில் அது 'ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை' என்று மாறியிருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். கொலைக் கைதிகள் ஐந்தாறு வருடத்திலேயே வெளியே வந்துவிடுகிறார்கள் என்ற புகார் எழுந்து, 1978 டிசம்பர் 18 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. புதிய சட்டத்தில் 475. தூக்கும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரும், தூக்கு ஆயுளாக மாற்றப்பட்டவரும், குறைந்தது 14 வருடம் உள்ளே இருக்காமல் விடுதலையாக முடியாது என்பது அதன் சாரம். பதினான்கு அங்கே தரைமட்டம். ஊர் அதைக் கூரை என்று எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 433-ஏ எல்லா ஆயுள் கைதிக்கும் பொருந்தாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 302-இன் கீழ் கொலைக்கு ஆயுள் என்றால் பொருந்தும், ஏனென்றால் அதே பிரிவில் தூக்கும் இருக்கிறது. கொலையாகாத மரணத்துக்கு 304-இன் முதல் பகுதியில் ஆயுள் வாங்கியவருக்குப் பொருந்தாது, அங்கே தூக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் 14 முடியட்டும் என்று காத்திருப்பதும், தெரிந்த அதிகாரி சொல்லாமல் விடுவதும் நடக்கக்கூடியவை.

அந்த 14-ஐ எப்படி எண்ணுவது என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் கிடைத்த குறைப்பு நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. உடம்பு சிறையில் இருந்த நாட்கள்தான் கணக்கு. தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த காலம் சேரும். ஆயுள் கைதிக்கும் அந்தக் கழிவு உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஜாமீனில் வெளியே இருந்த காலம் சேராது. பரோலில் போன நாட்களும் சேராது, இது 2023 ஜனவரித் தீர்ப்பு. ஒருவர் 1 வருடம் ரிமாண்ட், பிறகு 4 வருடம் ஜாமீன், தீர்ப்புக்குப் பின் 12 வருடம் சிறை, அதில் பரோல் மொத்தம் 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதான நாளிலிருந்து 17 வருடம் ஓடிவிட்டது. சட்டத்தின் கணக்கில் 13 வருடத்துக்கு 120 நாள் குறைவு. இன்னும் ஒரு வருடமும் 120 நாளும் இருந்தால்தான் அவருடைய கோப்பை எடுக்கவே முடியும்.

எடுத்த கோப்பும் உடனே நகராது. சிறைக் கண்காணிப்பாளரின் நடத்தை அறிக்கை, நன்னடத்தை அலுவலரின் விசாரணை, காவல் துறையின் கருத்து, ஆலோசனைக் குழு, தண்டித்த நீதிமன்றத்தின் நீதிபதியுடைய அபிப்பிராயம், அப்புறம் அரசு. எதைப் பார்க்க வேண்டும் என்று 2000-ஆவது ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளைக் கொடுத்திருக்கிறது: குற்றம் அந்த நபரோடு நின்றதா அல்லது சமூகத்தையே பாதித்ததா, மீண்டும் செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திராணி போய்விட்டதா, இனியும் உள்ளே வைப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. கோப்பு செத்துப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். 'விடுதலை செய்தால் சட்டம் ஒழுங்கு கெடும்' என்று ஒரே வரியில் முடியும் காவல் அறிக்கை ஒன்று. 'பரிந்துரைக்க இயலாது' என்று காரணமே இல்லாமல் வரும் நீதிபதியின் அபிப்பிராயம் மற்றொன்று. காரணம் எழுதாத அபிப்பிராயம் சட்டத்தின் தேவையை நிறைவேற்றாது, திரும்பக் கேட்டு வாங்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி ரிட் போட ஒருவர் இருந்தால்தான் அதனாலும் பயன்.

ஆக, பதினான்காம் வருடம் கைதிக்குக் கிடைப்பது விடுதலை இல்லை, தன்னைப் பற்றி யோசியுங்கள் என்று கேட்கும் வாய்ப்பு. தகுதி வந்தவர்களை அவர்கள் மனுப் போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அந்த வாய்ப்புக்குக் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. இந்த வாய்ப்பைத்தான் மூன்றாவது தண்டனை எடுத்துக்கொள்கிறது.

சாசனம் குறுக்கே நிற்கும் இடங்கள்

கொடூரமான தண்டனை கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தில் தனியாக ஒரு வரி கிடையாது. இருப்பவை சமத்துவத்தைச் சொல்லும் 14, குற்ற வழக்கில் பாதுகாப்புத் தரும் 20, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21 ஆகிய மூன்று பிரிவுகள், மன்னிக்கும் அதிகாரம் தரும் 72, 161. இந்தக் குறைந்த கருவிகளை வைத்தே நீதிமன்றங்கள் நிறையச் செய்திருக்கின்றன. ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்று சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவை, நீதிபதிக்கு யோசிக்க இடமே தராத சட்டம் நியாயமானதல்ல என்று 1983 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் ரத்து செய்தார்கள். மித்து வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தண்டனையின் அளவை நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் தராசில் நிறுத்திப் பார்த்த மிகத் தெளிவான தருணம் அதுதான் என்பது என் எண்ணம்.

20-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு இதைவிட எளிது: குற்றம் செய்த நாளில் சட்டம் எவ்வளவு தண்டனையை அனுமதித்ததோ அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. எளிதாகத் தெரிந்தாலும் நீதிமன்றங்கள் சறுக்குவது இங்கேதான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 6-ஆவது பிரிவு 2019 ஆகஸ்ட் 16 முதல் கடுமையாக்கப்பட்டது. குறைந்தபட்சம் 10 வருடம் என்பது 20 ஆனது, ஆயுள் என்றால் இயற்கையான வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும் என்ற விளக்கமும் சேர்ந்தது. 2019 மே மாதம் நடந்த ஒரு குற்றத்துக்கு விசாரணை நீதிமன்றம் புதிய வாசகத்தைப் போட்டுத் தண்டித்தது. உயர் நீதிமன்றமும் அதைப் பார்க்காமல் விட்டது. 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை நீக்கி, பழைய சட்டத்தின்படியான ஆயுளாக்கியது. குற்றம் மிகக் கொடியதுதான். ஆனாலும் மூன்று மாத வித்தியாசத்தை இரண்டு நீதிமன்றங்கள் கவனிக்கவில்லை என்பதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

433-ஏ செல்லும் என்று 1980 நவம்பரில் மாரு ராம் வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யரின் எழுத்தில், தீர்ப்பளித்த அமர்வும் இரண்டு எல்லைகளைக் கீறியது. அந்தப் பிரிவு வருவதற்கு முன் தண்டிக்கப்பட்டவர்களை அது கட்டாது. குடியரசுத் தலைவருக்கு 72-ஆவது பிரிவும் ஆளுநருக்கு 161-ஆவது பிரிவும் தரும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் தொட முடியாது. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008-இல், 7 வருடம் முடித்த ஆயுள் கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தமிழ்நாடு அரசு விடுவிக்க முடிந்ததும் 161-ஐக் கையில் எடுத்ததால்தான். ஒரு தலைவரின் பிறந்தநாளை அளவுகோலாக வைப்பது சரிதானா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதிகாரம் இருந்ததா என்றால், இருந்தது.

2015 டிசம்பர் 2

ராஜீவ் காந்தி கொலை வழக்கு. தமிழர்களுக்கு அதன் பின்னணியைச் சொல்ல வேண்டியதில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று கருணை மனு தாமதத்தைக் காரணம் காட்டி மூவரின் தூக்கு ஆயுளானது, மறுநாளே ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது, மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஸ்ரீஹரன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர். நாம் அதைப் பார்த்ததெல்லாம் ஏழு பேர் வெளியே வருவார்களா, மாநில அரசுக்கு அதிகாரமா மத்திய அரசுக்கா என்ற கண்ணோடுதான். சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் மத்திய அரசைக் 'கலந்தாலோசிப்பது' என்றால் அதன் இசைவைப் பெறுவது என்று வந்த விடையைப் பற்றித்தான் இங்கே பேச்செல்லாம். ஆனால் அதே வழக்கில் ஐந்து நீதிபதிகள் முன் வேறொரு கேள்வியும் இருந்தது. அந்த ஏழு பேருக்குச் சம்பந்தமில்லாதது, நாட்டின் மற்ற ஆயுள் கைதிகளுக்குத் தலைவிதியைப் போன்றது: தூக்கு வேண்டாம் என்று முடிவு செய்யும் நீதிமன்றம், '14 வருடத்துக்கு மேல் இத்தனை வருடம்வரை தண்டனைக் குறைப்புக்கே இடமில்லை' என்று எழுத முடியுமா?

இந்தக் கேள்வியின் தாய், 2008 ஜூலையில் கர்நாடகத்திலிருந்து வந்த சுவாமி சிரத்தானந்தா வழக்கு. மனைவியைக் கொன்று பெங்களூரு வீட்டிலேயே புதைத்த குற்றம். முதலில் விசாரித்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் தூக்கு என்றார், மற்றவர் ஆயுள் என்றார். மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய தீர்ப்பில் இருக்கும் கவலை நேர்மையானது. தூக்கு அதிகம் என்று தோன்றுகிறது. ஆயுள் என்று எழுதினால் நடைமுறையில் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவார், அது குறைவு என்று தோன்றுகிறது. இரண்டு மட்டுமே கையில் இருந்தால் நீதிபதி தூக்கின் பக்கம் தள்ளப்படுவார். எனவே நடுவில் ஒரு தண்டனை வேண்டும், அதனால் தூக்கு குறையும். அந்தக் கைதி வாழ்நாள் முடியும்வரை வெளியே வரக் கூடாது என்று உத்தரவானது.

இந்த வாதத்தின் அடிக்கல்லைப் பாருங்கள். ஆயுள் என்றால் நடைமுறையில் 14. டீக்கடைக்காரர் சொன்ன அதே வாக்கியம். மாநில அரசுகள் ஆளை எடைபோடாமல் கும்பலாக விடுவித்ததால் அது உண்மையைப் போல ஆகியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நோய் அரசின் பரிசீலனையில் இருக்க, மருந்தைக் கைதியின் தண்டனையில் போட்டார்கள். பரிசீலனை ஒழுங்காக இல்லை என்றால் அதை ஒழுங்காக்க வழி இருக்கிறது. பில்கிஸ் பானு வழக்கில் 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்த 11 பேரை, விசாரணை நடந்த மகாராஷ்டிரத்துக்குத்தான் அந்த அதிகாரம் என்று சொல்லி 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லையா? கெட்ட விடுதலையை ரத்து செய்ய நீதிமன்றத்துக்குக் கை இருக்கிறது. பதினைந்து இருபது வருடம் கழித்து அந்த மனிதர் எப்படி ஆகியிருப்பார் என்று தண்டனை எழுதும் நாளிலேயே தீர்மானிக்கத்தான் யாருக்கும் கண் கிடையாது.

2012-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஒன்று சிரத்தானந்தா வழி சரிதானா என்று ஐயம் எழுப்பியது. 2015-இல் ஐந்து பேர் முடிவு செய்தார்கள். மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். நீதிபதி கலிபுல்லா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் தர்க்கம் பலவீனமானதல்ல. கொலைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சம் தூக்கு, கீழ் எல்லை ஆயுள். ஆயுள் என்பதே சாகும்வரை. அப்படியானால் 30 வருடம் குறைப்பில்லை என்பது ஆயுளுக்கு உட்பட்டதே, புதிதாக எதுவும் கூட்டவில்லை. 433-ஏ குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, அதிகபட்சத்தைச் சொல்லவில்லை. ஆகவே உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இப்படி எழுதலாம், விசாரணை நீதிமன்றம் எழுதக் கூடாது. 72-உம் 161-உம் அப்படியே இருக்கும்.

நீதிபதி லலித்தும் நீதிபதி சப்ரேயும் இந்தப் புள்ளியில் உடன்படவில்லை. தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, விதித்த பிறகு அதைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அரசிடம் கொடுத்திருக்கிறது, அந்த அதிகாரம் இந்தக் கைதிக்கு மட்டும் இயங்காது என்று நீதிமன்றம் எழுத முடியாது என்பது அவர்கள் நிலை. நான் இந்தப் பக்கம்தான். கொலைக்கு ஆயுள் என்று நாடாளுமன்றம் எழுதியபோது இரண்டு பொருட்களைச் சேர்த்தே எழுதியது: சாகும்வரை சிறை, 14 முடிந்தால் பரிசீலனைக்குத் தகுதி. இரண்டாவதைக் கழற்றிவிட்டு முதலாவதை மட்டும் கொடுப்பது, பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு தண்டனை. 21-ஆவது பிரிவு சுதந்திரத்தைப் பறிக்கச் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' வேண்டும் என்கிறது. தீர்ப்பால் நிறுவப்பட்டது போதும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

நாடாளுமன்றத்துக்கு அப்படி எழுதத் தெரியாமலும் இல்லை. 2013-இல் பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்தியபோது, கூட்டு வல்லுறவு போன்றவற்றுக்கு 'ஆயுள் என்றால் இயற்கையான வாழ்நாளின் எஞ்சிய காலம்' என்று வாய்விட்டு எழுதியது. 2023-இல் புதிய தண்டனைச் சட்டம் இயற்றியபோது, மித்து வழக்கில் செத்த 303-ஐ 104 என்ற எண்ணில் திருத்தி எழுப்பியது: ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு, அல்லது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை. அதற்கு ஒரு வரி மேலே, 103-இல், சாதாரணக் கொலைக்கு வெறும் 'தூக்கு அல்லது ஆயுள்' என்று மட்டும் இருக்கிறது. ஸ்ரீஹரன் தீர்ப்பு வந்து எட்டு வருடம் கழித்து, அந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டே, அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். இதற்கு மேல் நாடாளுமன்றத்தின் நோக்கத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

தூக்கு இல்லாத இடத்திலும்

பெரும்பான்மைத் தீர்ப்புக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. கயிற்றின் நிழலில் நின்ற பலர் இந்த நடு வழியால் உயிர் பிழைத்திருக்கிறார்கள். 20, 25, 30 வருடம் குறைப்பில்லை என்று எழுதி நீதிமன்றங்கள் தூக்கை மாற்றியிருக்கின்றன. தூக்குக்கு எதிரானவர்களில் பலர் இதை வரவேற்றதற்கு அதுதான் காரணம், அந்த நிம்மதியை நானும் உணர்கிறேன். இது தூக்குக்கு மாற்றாக மட்டும் இருந்திருந்தால் என் எதிர்ப்பு பாதி அடங்கியிருக்கும்.

அப்படி இருக்கவில்லை. 2023 மார்ச்சில் கர்நாடகத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கு. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதிக்கவில்லை, 'வாழ்நாள் முழுவதும்' என்று ஆயுள் எழுதியிருந்தது. அப்படி எழுத அதற்கு அதிகாரம் இல்லை. சரி, அதை நீக்கிவிட்டுச் சாதாரண ஆயுள் என்று விட்டிருக்கலாம். உச்ச நீதிமன்றமோ, தூக்கு விதிக்கப்படாத வழக்கிலும், தூக்குக்குரிய அபூர்வ வழக்காக இல்லாவிட்டாலும், அரசியல் சாசன நீதிமன்றங்கள் இந்தத் தண்டனையை விதிக்கலாம் என்று சொல்லி, 30 வருடம் குறைப்பில்லை என்று தீர்த்தது. தூக்கிலிருந்து காப்பாற்றக் கட்டிய பாலம், தூக்கே இல்லாத கரையிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. 2008-இல் மிகச் சில வழக்குகளுக்கு மட்டும் என்று தொடங்கியதன் பயணம் இது. எல்லையைச் சட்டம் எழுதாமல் தீர்ப்பு எழுதினால், அடுத்த தீர்ப்பு அதை நகர்த்த ஒன்றும் தடையில்லை.

விசாரணை நீதிமன்றங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டன. அதிகாரம் இல்லாமலே 'சாகும்வரை', 'எந்தச் சலுகையும் இன்றி' என்று எழுதுவது 2015-க்குப் பிறகும் நிற்கவில்லை. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படியொரு வரியை அடித்தது. அடிக்க அந்த வழக்கு தில்லிவரை போக வேண்டியிருந்தது. மேல்முறையீட்டில் பெரும்பாலும் குற்றமற்றவர் என்பதைத்தான் வாதிடுகிறார்கள், தண்டனை வரியை யாரும் படிப்பதில்லை. அது அப்படியே தங்கிவிடுகிறது.

'இரட்டை ஆயுள்' கேள்விக்கும் இங்கேதான் விடை. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016 ஜூலை 19 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்: பல கொலைகளுக்குப் பல ஆயுள் தண்டனை விதிக்கலாம், ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாக ஓட்ட முடியாது, மனிதனுக்கு உயிர் ஒன்றுதான். அவை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஓடும். அதனால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம், ஒன்றில் குறைப்புக் கிடைத்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பத்து வருடம் போன்ற கால வரம்புள்ள தண்டனையை முதலில் முடித்துவிட்டு ஆயுள் தொடங்கலாம். ஆயுளை முதலில் வைத்து அதற்குப் பின் பத்து வருடம் என்று எழுத முடியாது. செய்தித்தாள் தலைப்பைவிட டீக்கடைக் கேள்வி சட்டத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

இருபது வருடம் முடிந்த பிறகு

இந்த மூன்றாவது தண்டனை முடியும் நாள் எது என்பதுகூடத் தெளிவில்லாமல்தான் இருந்தது. தில்லி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட கொலை வழக்கு ஒன்றில் மூன்று பேரில் இருவருக்கு 25 வருடமும் ஒருவருக்கு 20 வருடமும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. 20 வருடக்காரருக்கு 2025 மார்ச்சில் காலம் முடிந்தது. சிறை விடவில்லை. இருபது முடிந்தால் தண்டனைக் குறைப்புக் கேட்கத்தான் தகுதி வரும், தண்டனை ஆயுள்தானே என்பது அரசின் வாதம். தண்டனை மறுஆய்வுக் குழுவும் மறுத்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனை வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தது. 'ஆயுள் தண்டனை, அது குறைப்புக்கு இடமில்லாமல் 20 வருடச் சிறையாக இருக்கும்' என்பதுதான் வாசகம். அப்படியானால் அந்த இருபதே தண்டனையின் முழு அளவு, முடிந்த அன்றே கதவு திறந்திருக்க வேண்டும், குறைப்பு மனுவே தேவையில்லை என்று தீர்ப்பானது. இதே மாதிரி காலம் முடிந்தும் உள்ளே இருப்பவர்கள் இருந்தால் உடனே விடுவிக்கச் சொல்லி, தீர்ப்பின் நகலை எல்லா மாநில உள்துறைச் செயலாளர்களுக்கும் அனுப்ப உத்தரவிட்டது.

அந்த வரி 'ஆயுள் தண்டனை. 20 வருடம் முடியும்வரை குறைப்பைப் பரிசீலிக்கக் கூடாது' என்று இருந்திருந்தால் விடை வேறு. அதே இருபது, அதே ஆயுள், ஒரு வாக்கிய அமைப்பு மட்டும் மாறினால், ஒருவர் வீட்டுக்குப் போவார், இன்னொருவர் அன்றைக்குத்தான் மனு எழுதத் தொடங்குவார். சட்டப் பிரிவு ஒன்று இருந்திருந்தால் அதன் வாசகம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருக்கும். பிரிவு இல்லாததால் தீர்ப்புக்குத் தீர்ப்பு நடை மாறுகிறது, நடைக்கு ஏற்ப வருடங்கள் மாறுகின்றன. ஆயுள் கைதிக்காக வாதாடும் ஒவ்வொரு வழக்கறிஞரும் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை அன்றே எடுத்து, குற்றம் நடந்த தேதியையும், அந்த வரியை எழுதியது எந்த நீதிமன்றம் என்பதையும், வரியின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் போடும் மறுசீராய்வு மனுவுக்குக் காலக்கெடு 30 நாள்தான்.

'இயற்கையான வாழ்நாள் முழுவதும்' என்ற வாசகத்தோடு உள்ளே இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எட்டாது. அவர்களுக்கு எண்ணிப் பார்க்க ஒரு தேதி கிடையாது. 14 முடிந்ததும் கூடும் ஆலோசனைக் குழுவில் அவர்கள் பெயர் வராது. மிச்சமிருப்பவை 72-உம் 161-உம். 161 எவ்வளவு மெதுவாக நகரும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது: 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்த கோப்பு ஆளுநர் மாளிகையில் கிடந்து, 2021-இல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே, முழு நீதி வழங்கத் தனக்குத் தனி அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்க வேண்டியிருந்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டும் என்றும் அப்போது சொன்னார்கள். நாடே கவனித்த ஒரு வழக்கில், ஒரு மாநில அரசே பின்னால் நின்றும், அதற்கு மூன்று வருடமும் எட்டு மாதமும் ஆயிற்று.